விலை குறைந்தாலும் நாட்டுக்கு நஷ்டமா? ஜேக்கப் வைனர் போட்ட கணக்கு

சில நாடுகள் சேர்ந்து தங்களுக்குள் இறக்குமதி வரியை நீக்கிவிட்டு, வெளிநாட்டுப் பொருட்களுக்கு மட்டும் ஒரே மாதிரி வரி போட்டால் அதுதான் சுங்க ஒன்றியம். வரி போனால் விலை குறையும், எல்லோருக்கும் லாபம்தானே? அவசரப்படாதீங்க என்றவர் ஜேக்கப் வைனர்.

யார் இவர்?

1892-ல் கனடாவின் மான்ட்ரியலில், ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மில்டன் ஃப்ரீட்மேனும் பால் சாமுவேல்சனும் அங்கே அவரிடம் படித்தவர்கள். 1946-ல் பிரின்ஸ்டனுக்கு மாறினார்.

எங்கே இடித்தது?

1948-ல் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் சுங்க ஒன்றியமாகின. இத்தகைய ஒன்றியங்களை, தடையற்ற வர்த்தகம் கேட்டவர்களும் ஆதரித்தார்கள். உள்நாட்டுத் தொழிலைக் காக்க வரி கேட்டவர்களும் ஆதரித்தார்கள். எதிரெதிர் அணிகள் ஒரே விஷயத்துக்குக் கைதட்டினால் எப்படி? அதற்கு விடை தேடி 1950-ல் ‘தி கஸ்டம்ஸ் யூனியன் இஷ்யூ’ என்ற நூலை வெளியிட்டார்.

கணக்கு என்ன?

ஒரு சட்டையை வைத்துப் பார்ப்போம். உள்ளூரில் தைக்க 100 ரூபாய். கூட்டாளி நாட்டில் 80. வெளிநாடு ஒன்றில் 60. இறக்குமதி வரி 100 சதவீதம் என்றால், 80 ரூபாய் சட்டை 160 ஆகும், 60 ரூபாய் சட்டை 120 ஆகும். உள்ளூர்ச் சட்டைதான் விற்கும். ஒன்றியம் வந்ததும் 80 ரூபாய்க்கே சட்டை கிடைக்கும். இது லாபம். வைனர் இதை ‘வர்த்தக உருவாக்கம்’ என்றார்.

வரி 50 சதவீதம்தான் என்றால் கதையே வேற. அப்போது வெளிநாட்டுச் சட்டை 90 ரூபாய். அதில் 30 ரூபாய் அரசுக்கு. ஒன்றியம் வந்ததும் மக்கள் 80 ரூபாய்ச் சட்டைக்கு மாறுவார்கள். வாங்குபவருக்கு 10 ரூபாய் மிச்சம், அரசுக்கு 30 ரூபாய் போச்சு. ஆக, நாட்டுக்கு 20 ரூபாய் நஷ்டம். இது ‘வர்த்தகத் திசைமாற்றம்’.

இந்த இரண்டில் எது அதிகம்? அதைப் பொறுத்துத்தான் ஒன்றியம் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றார் வைனர்.

பிறகு?

விலை குறைந்தால் மக்கள் கூடுதலாக வாங்குவார்கள், அந்தப் பயனையும் சேர்க்கணும் என்று ஜேம்ஸ் மீட், ரிச்சர்ட் லிப்சி போன்றோர் இந்தக் கணக்கை விரிவாக்கினார்கள். 1968-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் சுங்க ஒன்றியம் முழுமையடைந்ததைப் பார்த்த வைனர், 1970-ல் காலமானார். புது வர்த்தக ஒப்பந்தம் எது வந்தாலும், பொருளாதார நிபுணர்கள் இன்றும் முதலில் தேடுவது இந்த இரண்டு எண்களைத்தான்.