கதைப்பாடலும் சிறுவர் அரங்கும்: சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக வாழ்வு

சங்கரதாஸ் சுவாமிகளைப் புராண நாடக ஆசிரியராகவே தமிழ் நாடக வரலாறுகள் பெரும்பாலும் அறிமுகப்படுத்துகின்றன. அது பிழையன்று, எனினும் போதுமானதன்று. அவருடைய நாடகங்களுள் மக்களிடம் பெருவழக்குப் பெற்ற பவளக்கொடி, அல்லி அர்ச்சுனா ஆகியவற்றின் கதைகள் வியாச பாரதத்தில் இல்லை. நல்லதங்காள் கதையோ முழுவதும் மக்கள் வழக்கிற்கே உரியது. பெரிய எழுத்துப் பதிப்புகளாக விற்பனையாகி, எழுத்தறிந்த ஒருவர் படிக்கப் பலர் கூடிக் கேட்ட கதைப்பாடல்களே இவற்றின் ஊற்று. அவ்வூற்றைச் சிறுவர்களின் நாவுக்குக் கொண்டுசென்றதே அவர் வாழ்வின் தனிப்பெரும் பணி என்பது இக்கட்டுரையின் கருத்து.

சங்கரன் என்னும் இயற்பெயருடைய சுவாமிகள் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் இராமாயணப் புலவர் எனப் பெயர் பெற்றவர். தொடக்கக் கல்வி அவரிடமே அமைந்தது. பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். சிலகாலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்து, 24ஆம் வயதில் நாடகத்துறை புகுந்தார். இரணியன், இராவணன், எமன் முதலிய கடுமையான வேடங்களில் பெயர்பெற்றபின், நடிப்பை விடுத்து ஆசிரியரானார். இடையில் துறவுள்ளம் கொண்டு தலயாத்திரை சென்றார். சுவாமிகள் என்னும் பெயர் அதன்வழி வந்தது. கஞ்சிரா மேதை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் தொடர்பு அவரை மீண்டும் அரங்கிற்கு ஈர்த்தது. அவர் பாடல்களின் தாள நுட்பத்தை அத்தொடர்பின்றி விளக்குதல் அரிது.

அக்கால மேடையில் வளர்ந்த நடிகர்கள் நாடகப் பனுவலுக்குக் கட்டுப்பட்டு நிற்கவில்லை. விரும்பிய பாடலைச் சேர்த்தனர். எதிர்நடிகரைத் தருக்கத்தில் மடக்குவதையே வெற்றியாகக் கருதினர். இந்நிலையிலேயே சுவாமிகள் சிறுவர்களிடம் திரும்பினார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவினார். சபையே சிறுவர்க்கு உறைவிடமும் பள்ளியுமாயிற்று. வெண்பா, விருத்தம், சிந்து, கும்மி, வண்ணம் எனப் பலவகை யாப்பும் ஒரே நாடகத்தில் பயின்றுவந்தமையால், பவளக்கொடியைப் பாடம் செய்த சிறுவன் இலக்கண நூலைத் தொடாமலே ஓசை வேறுபாடுகளைச் செவியால் அறிந்தான். பிற்காலப் பயிற்சிப் பட்டறைகளுக்கு இதனை முன்னோடி எனலாம். ஆயின் இது சில நாளில் முடியும் பயிற்சியன்று, ஆண்டுக்கணக்கில் நீண்ட உடனுறைவு.

1918இல் சபையிற் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களுள் தி.க. சண்முகம் அப்போது ஆறு வயதினர். அச்சிறுவனுக்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார் என்பதைச் சண்முகம் பின்னாளில் பதிவு செய்துள்ளார். எழுதிய வேகத்தை வியப்பதோடு ஆய்வாளர் நின்றுவிடுகின்றனர். அபிமன்னன் சுந்தரி மாலை என்னும் கதைப்பாடல் முன்னரே மக்களிடையே வழங்கியது; கதைக்கட்டு ஆயத்தமாக இருந்தது என்பதும் கருதத்தக்கது. குழந்தையின் குரலெல்லைக்கும் நினைவாற்றலுக்கும் ஏற்ப அதனை வடித்ததே அவ்விரவின் உழைப்பாகலாம்.

இம்முறையின் விலையையும் மறைத்தல் ஆகாது. சிறுவர்கள் வீட்டையும் முறையான பள்ளிக் கல்வியையும் இழந்து, ஊர்விட்டு ஊர் சென்று இரவெல்லாம் ஆடினர். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் முதன்மை வேடங்கள் கைவிட்டுப் போயின. பாலர் சபைகளின் புகழை எழுதுவோர், அவ்வாறு மேடை இழந்து பெயரும் எஞ்சாமற் போன சிறுவர்களைக் கணக்கிற் கொள்வதில்லை.

1921இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. பாட்டுச் சொல்லித்தந்த வாய் பேச்சிழந்தது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். 1925இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தனிச்சபை தொடங்கி, அவரிடம் கற்ற பாடமுறையைத் தொடர்ந்தனர். மறுபுறம், மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் விழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக நிகழும் வள்ளி திருமணத்தில், நாரதரும் வள்ளியும் அவர் எழுதாத தருக்கத்தை இன்றும் நெடுநேரம் வளர்த்துப் பேசுகின்றனர்.