'இஸ், ஆஸ், ஓஸ்': மூணே விகுதியில் முக்காலத்தையும் அடக்கிய கண் டாக்டர்!

காரைக்குடி பக்கம் சாக்கோட்டைக்குப் போயிட்டு வந்த கதையைச் சொல்றீங்கன்னு வைங்க. போனேன், வந்தேன், சாப்பிட்டேன், படித்தேன் என்போம். எல்லாமே இறந்தகாலம்தான். ஆனால், காலம் காட்டும் எழுத்து வினைக்கு வினை மாறுது. தமிழ் கற்க வருபவர்கள் திணறும் இடம் இது. இந்தத் தலைவலியே இல்லாத ஒரு மொழியை உருவாக்கியவர் லுட்விக் ஜாமென்ஹாஃப்.

யார் இவர்?

1859 டிசம்பர் 15-ல், அன்றைய ரஷ்யப் பேரரசின் பியாலிஸ்டோக் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என நாலு சமூகம், நாலு மொழி, தீராத பகை. யாருக்கும் சொந்தமில்லாத பொது மொழி ஒன்று இருந்தால் பகை குறையும் என்று பள்ளி வயதிலேயே நம்பினார். கண் மருத்துவரான பிறகும் அந்த வேலையை விடவில்லை. 1887-ல், மாமனார் கொடுத்த பண உதவியில் வார்சாவில் முதல் புத்தகம் வெளியானது. மொழியின் உரிமை தனக்கு வேண்டாம் என்றும் அறிவித்துவிட்டார்.

நிகழ்வை எப்படிச் சொல்வது?

ரொம்ப சிம்பிள். 'இர்' என்றால் போ. 'இரிஸ்' நடந்து முடிந்தது, 'இராஸ்' நடப்பது, 'இரோஸ்' நடக்கப்போவது. எந்த வினைக்கும் இதே மூன்று விகுதிதான், விதிவிலக்கே கிடையாது. நான், நீ, அவள் என யார் போனாலும் விகுதி மாறாது.

செயலைச் செய்கிறவரையும் காலத்தோடு சொல்லலாம். 'ஆன்ட்' சேர்த்தால் செய்துகொண்டிருப்பவர், 'இன்ட்' என்றால் செய்து முடித்தவர், 'ஓன்ட்' என்றால் செய்யப்போகிறவர்.

பெயரிலேயே இலக்கணம்

முதல் புத்தகத்துக்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் டாக்டர் எஸ்பெராண்டோ. 'எஸ்பெர்' என்றால் நம்பு. அதோடு 'ஆன்ட்' சேர்ந்ததால், நம்பிக்கொண்டிருப்பவர் என்று அர்த்தம். நாளடைவில் அதுவே மொழியின் பெயராகிவிட்டது.

1905-ல் பிரான்சின் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு நடந்தது. பல நாட்டினர் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசிக்கொண்டார்கள். ஆனால் 1917 ஏப்ரல் 14-ல் அவர் இறந்தபோது, ஐரோப்பா முதல் உலகப் போரில் எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அவருடைய மூன்று பிள்ளைகளையும் நாஜிகள் கொன்றார்கள்.

பகை தீரவில்லை. மொழியும் சாகவில்லை. 2015-ல் டுவோலிங்கோ ஆப்பில்கூட எஸ்பெராண்டோ பாடம் வந்தது. நம்பி முடித்தவர் என்று பொருள் தரும் 'இன்ட்' அந்தப் பெயரில் இன்றுவரை ஏறவில்லை.