பழைய மாஸி ட்ராக்டரில் தூக்கிய கலப்பை தானாக இறங்குவது ஏன்? அந்த லிஃப்ட்டை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசனின் கதை

பழைய மாஸி ட்ராக்டர் வெச்சிருக்கிறவங்க வழக்கமாகச் சொல்லும் புகார் ஒன்று உண்டு: தூக்கி வெச்ச கலப்பை தானா இறங்குது. இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டு டீ குடித்துத் திரும்பினால், கொழு தரையைத் தொட்டுக் கிடக்கும்.

இதற்கான மருந்து சில சமயம் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் வளையம். திருவனந்தபுரம் சாலை பஜார் மாதிரி ஹார்ட்வேர் கடைகள் நிறைந்த தெருவில் தேடினால் கிடைத்துவிடும். சாலையே விவசாயத்தால் வளர்ந்த தெருதான். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அந்தக் கடைத்தெருவுக்கு நாஞ்சில் நாட்டிலிருந்து நெல்லும் அரிசியும் வந்து இறங்கின. தமிழ் பேசும் வியாபாரிகள் இன்றும் அங்கே கணிசமாக இருக்கிறார்கள்.

ஆனால் ரப்பர் வளையத்தை மாற்றினால் மட்டும் எல்லா லிஃப்ட்டும் சரியாவதில்லை. ஏன் என்று புரிய, அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் போக வேண்டும்.

வயல் வேலை பிடிக்காத விவசாயி மகன்

ஹாரி ஃபெர்குசன் 1884 நவம்பர் 4-ம் தேதி, அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பதினோரு பிள்ளைகளில் நான்காமவர். வயல் வேலை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 1902-ல் பெல்ஃபாஸ்ட்டுக்குப் போய், அண்ணன் நடத்திய சைக்கிள், கார் ரிப்பேர் கடையில் சேர்ந்தார்.

1909 டிசம்பர் 31-ம் தேதி, தானே கட்டிய விமானத்தில் ஏறி சுமார் 120 மீட்டர் பறந்தார். அயர்லாந்தில் விமானம் பறந்தது அதுவே முதல்முறை. பிறகு சொந்தமாக கராஜ் தொடங்கி, முதல் உலகப்போர் சமயத்தில் ட்ராக்டர் விற்கவும் ஆரம்பித்தார்.

1917-ல் நாட்டின் உணவு உற்பத்தியைக் கூட்ட வேண்டிய நெருக்கடி. அயர்லாந்து முழுக்க ஓடும் ட்ராக்டர்களை மேம்படுத்தும் பொறுப்பு ஃபெர்குசனிடம் வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்.

அன்றைய ட்ராக்டர் என்பது இரும்புக் குதிரை, அவ்வளவுதான். குதிரைக்குப் பின்னால் கட்டிய கலப்பையை அப்படியே ட்ராக்டருக்குப் பின்னால் கட்டினார்கள். கொழு பாறையில் மாட்டினால் கலப்பை நிற்கும், சக்கரம் நிற்காது. முன்பக்கம் மேலெழும்பி, ட்ராக்டர் மல்லாந்து ஓட்டுநர் மேலேயே விழும். இப்படிச் செத்தவர்கள் பலர்.

தூக்குவது மட்டும் வேலையில்லை

ஃபெர்குசனும் அவருடைய சகா வில்லியம் சாண்ட்ஸும் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த தீர்வு, ட்ராக்டரையும் கலப்பையையும் ஒரே உடம்பாக்குவது. கீழே இரண்டு கைகள் இழுக்கும். மேலே டாப் லிங்க் என்ற மூன்றாவது கை. உழும்போது கலப்பை முன்பக்கம் கவிழப் பார்க்கும். அந்த விசை டாப் லிங்க் வழியாக ட்ராக்டரை முன்னால் தள்ளும். அதனால் முன்சக்கரம் தரையிலேயே அழுந்தி நிற்கும்.

இதற்கு மேல்தான் உண்மையான சூட்சுமம். டாப் லிங்க் ஒரு ஸ்ப்ரிங்கில் முட்டி நிற்கிறது. கொழு கடினமான மண்ணில் இறங்கினால் ஸ்ப்ரிங் கூடுதலாக அமுங்கும். அது பம்ப்பின் வால்வை நகர்த்தும், எண்ணெய் சிலிண்டருக்குள் போகும், கலப்பை கொஞ்சம் மேலே வரும். மண் இளகினால் மறுபடி இறங்கும். ஆள் தொடாமலேயே இதெல்லாம் நடக்கிறது. 1920-களின் மத்தியில் இதற்கு அவர் காப்புரிமை வாங்கினார். சென்சார், ஃபீட்பேக் என்று இன்று ஐ.டி. ஆட்கள் பேசுவதை, ஒரு ஸ்ப்ரிங்கையும் வால்வையும் வைத்துச் செய்துவிட்டார் மனுஷன்.

அப்போ, தேய்ந்தால் எங்கே பார்க்கணும்?

பாரத்தைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. மெதுவாக இறங்கினால் பிரச்னை இல்லை. சடசடவென்று இறங்கினால் எண்ணெய் எங்கேயோ கசிகிறது. பிஸ்டன் வளையம், குழாய் இணைப்பின் ஓ-ரிங், வால்வு, சேஃப்டி வால்வு என நான்கு இடங்களில் சந்தேகம் வரணும். இன்ஜின் ஓடும்போது லிஃப்ட் கைகள் தலையாட்டி பொம்மை மாதிரி ஏறி இறங்கினாலும் அதே கதைதான்: கசிகிறது, பம்ப் ஈடுகட்டுகிறது, மறுபடி கசிகிறது.

பாரமே தூக்கவில்லை என்றால் முதலில் ஆயில் அளவையும் ஃபில்டரையும் பாருங்க. அப்புறம்தான் பம்ப். பழைய ஃபெர்குசனில் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். கியர் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் பம்ப்பு வரை போகும். மழைத்தண்ணீர் கலந்தால் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துவிடும். அந்த எண்ணெயோடு புது வளையம் போடுவது வீண். சிலிண்டர் சுவரில் கீறல் இருந்தாலும் அப்படியே; புது வளையம் சீக்கிரமே கிழியும்.

திறப்பதற்கு முன் கலப்பையை முழுசா இறக்கிவிடணும். தூக்கிய பாரத்துக்குக் கீழே யாரும் கை வைக்கவே கூடாது. லிஃப்ட் கவர் கனமானது, செயின் பிளாக் வேணும்.

பலரும் தவறவிடும் இடம் டாப் லிங்க் பக்கம். அதன் பின் தேய்ந்தாலோ, ஸ்ப்ரிங்கில் ஆட்டம் இருந்தாலோ, லிஃப்ட் நன்றாகத் தூக்கும். ஆனால் உழவின் ஆழம் நிற்காது. வால்வுக்குச் சேதி சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். வேலை செய்யாத லிஃப்ட்டை விட்டுவிட்டு, டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி போட்டுப் பாரம் இழுப்பது இன்னும் மோசம். ட்ராக்டர் மல்லாக்கக் கவிழும் 1917-ம் வருஷத்து ஆபத்தை அது திரும்பக் கூட்டிவருகிறது.

கைகுலுக்கலும் வழக்கும்

1938 அக்டோபரில், அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் ஹென்றி ஃபோர்டு முன்னால் ஃபெர்குசன் தன் ட்ராக்டரை ஓட்டிக் காட்டினார். ஃபோர்டு அசந்துபோனார். இருவரும் கைகுலுக்கினார்கள். காகிதத்தில் ஒப்பந்தமே இல்லை! அடுத்த வருஷமே ஃபோர்டு 9என் ட்ராக்டர் வந்தது.

பேரன் ஹென்றி ஃபோர்டு 2 பொறுப்புக்கு வந்ததும் 1946-ல் உறவு முறிந்தது. ஃபோர்டு தனியாக 8என் ட்ராக்டரை இறக்க, ஃபெர்குசன் 25.1 கோடி டாலர் கேட்டு வழக்கு போட்டார். 1952-ல் கிடைத்தது 92.5 லட்சம் டாலர். தொகை சிறிதுதான். ஆனால் பம்ப்புக்குள் எண்ணெய் உறிஞ்சப்படும் பக்கத்தில் வால்வு வைக்கும் அவருடைய அமைப்பை ஃபோர்டு கைவிட வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், அதுதான் அவருக்கு நிஜமான வெற்றி.

இதற்கிடையில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை அவருடைய டிஇ20 ட்ராக்டர்கள் 5 லட்சத்துக்கும் மேல் தயாராகின. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்தைத் தொட்டது அந்த ட்ராக்டர்களில்தான்.

1953-ல் கனடாவின் மாஸி-ஹாரிஸுடன் நிறுவனத்தை இணைத்தபோது, விலையில் 10 லட்சம் டாலர் இழுபறி. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள். ஃபெர்குசன் தோற்றார். அடுத்த வருஷமே விலகினார். தூக்கமின்மையும் மனச்சோர்வும் துரத்த, 1960 அக்டோபர் 25-ம் தேதி மருந்து அளவுக்கு மீறியதால் இறந்தார். தற்கொலையா, விபத்தா என்று விசாரணையில் முடிவாகவில்லை.

அதே 1960-ல்தான் மாஸி ஃபெர்குசன் கூட்டுடன் சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது. நம்ம ஊர் வயல்களில் ஓடும் மாஸி 1035, ஃபெர்குசன் வகுத்த வழியில் வந்ததுதான். அந்தப் பெயரை இந்தியாவில் யார் பயன்படுத்தலாம் என்று டாஃபேவுக்கும் அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனத்துக்கும் 2024-ல் வழக்கு மூண்டது. 2025-ல் சமரசம் ஆகி, இந்தியா, நேபாளம், பூட்டானில் மாஸி ஃபெர்குசன் பெயர் டாஃபேவுக்கே சொந்தமானது. இந்த முறை எல்லாம் எழுத்தில்.