கேரள நிலச் சீர்திருத்தமும் அச்சுத மேனனும்: பாலக்காடு வயல் முதல் மூணாறு மலை வரை

பாலக்காடு: கேரளத்தில் குத்தகை முறை சட்டப்படி முடிவுக்கு வந்த நாள் 1970 ஜனவரி 1. ஜன்மிகளிடம் இருந்த குத்தகை நிலங்களின் உரிமை அன்று அரசின் வசமாகி, அவற்றில் பயிர் செய்து வந்தவர்கள் உரிமையாளர்களாகும் வழி திறந்தது. அப்போது முதல்வர் பதவியேற்றுச் சரியாக இரண்டு மாதங்களே ஆகியிருந்தவர் சி. அச்சுத மேனன். தமிழகத்தை ஒட்டிய பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இன்று நிலம் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதற்கான விடையின் பெரும்பகுதி அவர் பதவியில் இருந்த ஏழு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில் எழுதப்பட்டது.

திருச்சூர் மாவட்டம் புதுக்காடு அருகே 1913 ஜனவரி 13 அன்று பிறந்தவர் அச்சுத மேனன். திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று திருச்சூரில் வழக்குரைஞராகப் பணியாற்றினார். காங்கிரசில் தொடங்கிய அவரது அரசியல், சிறைவாசத்துக்குப் பிறகு 1942-இல் கம்யூனிஸ்ட் கட்சிக்கு மாறியது. கட்சி தடை செய்யப்பட்ட காலத்தில் சில ஆண்டுகள் தலைமறைவாகவும் வாழ்ந்தார். எச்.ஜி. வெல்ஸ் எழுதிய உலக வரலாற்றுச் சுருக்கத்தை மலையாளத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மாநில முதல்வராவது அரிது.

1957 ஏப்ரலில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அரசில் அவர் நிதியமைச்சர். பதவியேற்ற ஆறாவது நாளே குத்தகைதாரர்களை வெளியேற்றத் தடை விதிக்கும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. வருவாய்த்துறை அமைச்சராக இருந்த கே.ஆர். கௌரியம்மா கொண்டுவந்த விவசாய உறவுகள் மசோதா 1959 ஜூனில் நிறைவேறியது. ஜூலை 31-இல் அரசு கலைக்கப்பட்டது. பின்னர் திருத்தங்களுடன் வந்த சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நீதிமன்றங்கள் செல்லாதவையாக்கின. 1963-இல் இயற்றப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்கு 1969 அக்டோபரில் நம்பூதிரிபாடின் இரண்டாவது அரசு விரிவான திருத்தங்களை நிறைவேற்றியது. அதே மாதத்தில் அந்த அரசும் வீழ்ந்தது.

நவம்பர் 1 அன்று முதல்வரான அச்சுத மேனனின் கைக்கு வந்தது இந்தத் திருத்தச் சட்டம்தான். இயற்றியவர்கள் ஒரு கட்சியினர், நடைமுறைப்படுத்தியவர்கள் மற்றொரு கட்சியினர் என்பதால், பெருமை யாருக்கு என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. சட்டத்தின் 50-ஆம் ஆண்டு விழாவில் அவரது பெயர் குறிப்பிடப்படாதது 2020 ஜனவரியில் இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கு இடையே உரசலை ஏற்படுத்தியது. சட்டம் வகுத்தவர்களின் பங்கு மறுக்க முடியாதது. ஆயினும் தீர்ப்பாயங்கள் அமைத்து, விண்ணப்பங்களை விசாரித்து, பட்டா வழங்கும் நெடும்பணி பெருமளவில் அச்சுத மேனன் ஆட்சியில்தான் நடந்தது. இச்சட்டத்தை எதிர்த்துக் காசர்கோடு எடநீர் மடத்தின் தலைவர் தொடுத்த வழக்கே, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை வரையறுத்த 1973-ஆம் ஆண்டின் கேசவானந்த பாரதி தீர்ப்பில் சென்று முடிந்தது.

சட்டத்தின் தாக்கம் ஆழமாக இறங்கிய இடங்களில் ஒன்று பாலக்காடு. ஜன்மி, அவருக்குக் கீழே காணக்காரர், அவருக்கும் கீழே வெறும்பாட்டக்காரர் என்று ஒரே வயலின் மீது அடுக்கடுக்காக உரிமைகள் நிலவிய நெல் மண்டலம் அது. கொல்லங்கோடு போன்ற பெரிய ஜன்மி குடும்பங்களோடு, கல்பாத்தி உள்ளிட்ட அக்ரகாரங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களும் பாட்ட நெல்லை நம்பியிருந்தன. அவர்களில் எல்லோரும் பெருநிலக்கிழார்கள் அல்லர். சில ஏக்கர் பாட்டத்தைக் கொண்டு காலம் தள்ளியவர்களும் உண்டு. பாட்டம் நின்றதும், ஏற்கெனவே சென்னைக்கும் மும்பைக்கும் தொடங்கியிருந்த இடப்பெயர்வு விரைவடைந்தது. மறுபுறம், 1955-இல் திறக்கப்பட்ட மலம்புழா அணையின் நீரைப் பெற்ற வயல்களில் குத்தகைதாரர்கள் முதன்முறையாகச் சொந்த நிலத்தில் நாற்று நட்டனர்.

வயலில் இறங்கி உழைத்த சிறுமர் முதலான தலித் தொழிலாளர்களுக்கு வயல் கிடைக்கவில்லை. குத்தகை ஆவணமோ உரிமையோ இல்லாத அவர்களுக்குச் சட்டம் அளித்தது, குடியிருந்த இடத்தில் ஊராட்சிப் பகுதியானால் 10 சென்ட் வரை வாங்கிக்கொள்ளும் குடிகிடப்பு உரிமை. ஒரு குடிசைக்கும் நான்கு தென்னைக்கும் அது போதும். பயிர் செய்யப் போதாது. உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலம் அவர்களுக்குப் போகும் என்ற எதிர்பார்ப்பும், பாகப்பிரிவினைகளாலும் கைமாற்றங்களாலும் உபரி நிலம் குறைந்துபோனதால் பெரிதாக நிறைவேறவில்லை. கூலியையும் வேலைப் பாதுகாப்பையும் முறைப்படுத்தும் விவசாயத் தொழிலாளர் சட்டத்தை அச்சுத மேனன் அரசு 1974-இல் கொண்டுவந்தது.

அந்த ஆண்டுகளில் கேரளத்தில் நெல் விளைந்த பரப்பு சுமார் 8.8 லட்சம் ஹெக்டேர். இன்று அது ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. கூலி உயர்வு, வளைகுடா வேலை, கட்டுப்படியாகாத நெல் விலை எனக் காரணங்கள் பல. குத்தகைக்குச் சட்டத்தில் இடமில்லாததால், விளைவிக்க விரும்பாத உரிமையாளர் நிலத்தைத் தரிசாக விடுகிறார் அல்லது வாய்மொழி ஒப்பந்தத்தில் பிறருக்குத் தருகிறார் என்பதும் அவற்றுள் ஒன்று. வாய்மொழியாகப் பெற்றுப் பயிர் செய்பவருக்கு வங்கிக் கடனும் இழப்பீடும் எட்டாக்கனியாகவே உள்ளன.

தேயிலை, காபி, ரப்பர், ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் சட்டம் உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்திருந்தது. இதனால் தேனி மாவட்டத்தை ஒட்டிய மலைகளில் நிலைமை வேறாக இருந்தது. பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து 1877-இல் ஆங்கிலேயர் ஒருவர் பெற்ற சலுகையின் வழியே, கண்ணன் தேவன் மலைகளில் 1.3 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் ஒரே பிரிட்டிஷ் நிறுவனத்திடம் இருந்தது. இதற்கெனத் தனிச் சட்டம் ஒன்றை 1971-இல் அச்சுத மேனன் அரசு இயற்றியது. உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டே அதை உறுதி செய்தது. தேயிலைக்கும் அதைச் சார்ந்த தேவைகளுக்கும் சுமார் 57 ஆயிரம் ஏக்கரை நிறுவனத்திடம் விட்டு, 70 ஆயிரம் ஏக்கர் அரசின் வசமாகும் என 1974-இல் நிலவாரியம் முடிவு செய்தது. இடையே, 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி தனி மாவட்டமானது.

மீட்கப்பட்ட நிலத்தில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தும், பணி ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டிய நிலையில்தான் அவர்கள் உள்ளனர். 2015-இல் மூணாறில் பெண் தொழிலாளர்கள் போனஸ் கேட்டுத் திரண்டபோது வீடும் நிலமும் பேசுபொருளாயின. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் இரவு நேர நிலச்சரிவு லயங்களைப் புதைத்தது. அதில் பலியான 70 பேரில் பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு.

கோவையை ஒட்டிய அட்டப்பாடியிலும் இதே ஆட்சியின் இரு சட்டங்கள் தடம் பதித்தன. 1971-இல் தனியார் காடுகள் இழப்பீடின்றி அரசுடைமையாயின. 1975-இல், பழங்குடியினரிடமிருந்து கைமாறிய நிலங்களை மீட்டுத் தரும் சட்டம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. இருளர், முடுகர், குறும்பர் நிலங்களைப் பெற்றிருந்தவர்களில் மலையாளிகளும் உண்டு, கோவைப் பகுதித் தமிழர்களும் உண்டு. அந்தச் சட்டத்துக்கான விதிகளை வகுக்க அடுத்தடுத்து வந்த அரசுகள் 1986 வரை எடுத்துக்கொண்டன.

அச்சுத மேனனின் இறுதி ஆட்சி ஆண்டுகள் நெருக்கடி நிலையோடு கலந்தவை. கோழிக்கோடு பொறியியல் மாணவர் ஒருவர் 1976-இல் காவல் முகாமில் உயிரிழந்த விவகாரம், உள்துறை தன்னிடம் இல்லாதபோதும், அரசின் தலைவர் என்ற முறையில் அவர் மீதும் நிழலாகப் படிந்தது. கேரளத்தில் முழுப் பதவிக்காலத்தையும் நிறைவு செய்த முதல் முதல்வரான அவர், 1977 மார்ச்சில் பதவி விலகியபின் மீண்டும் அப்பொறுப்பை நாடவில்லை. திருச்சூருக்குத் திரும்பி எழுத்தில் ஈடுபட்டிருந்த அவர் 1991 ஆகஸ்ட் 16 அன்று காலமானார். பழங்குடியினர் நில மீட்புச் சட்டத்துக்குப் பதிலாக 1999-இல் வேறொரு சட்டம் வந்தது. கைமாறிய நிலத்தில் 2 ஹெக்டேர் வரை வைத்திருப்போர் அதைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளவும், பழங்குடியினருக்கு மாற்று நிலம் வழங்கவும் அது வகை செய்தது.