டி. ஆர். சுந்தரம்

திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் (ஜூலை 16, 1907 - ஆகஸ்ட் 30, 1963) தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளரும் இயக்குனரும் ஆவார். சேலத்தில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை நிறுவியவர். இந்நிறுவனம் தமிழ், மலையாளம் உள்ளிட்ட மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களைத் தயாரித்தது. சென்னைக்கு வெளியே ஒரு நகரில், ஆலையைப் போன்ற ஒழுங்குடன் தொடர்ச்சியாகப் படங்களை உருவாக்க முடியும் எனக் காட்டியதே இவரது முதன்மையான பங்களிப்பாகும்.

வாழ்க்கைக் குறிப்பு

சுந்தரம் திருச்செங்கோட்டில் ஜவுளி வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இங்கிலாந்து சென்று லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். அங்கு கிளாடிஸ் என்னும் ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். 1930களின் முற்பகுதியில் நாடு திரும்பிய இவர், குடும்பத் தொழிலுக்குச் செல்லாமல், சேலம் வேலாயுதம் பிள்ளையின் ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்து திரைப்படத் துறையில் நுழைந்தார்.

அக்காலத்தில் தமிழ்ப் பேசும் படங்கள் பல கல்கத்தா, பம்பாய் போன்ற நகரங்களிலேயே படமாக்கப்பட்டன. நடிகர்களையும் இசைக்கலைஞர்களையும் அங்கே அழைத்துச் சென்று பல வாரங்கள் தங்கவைக்க வேண்டியிருந்ததால் செலவும் காலமும் மிகுந்தன. இதற்கு மாற்றாக, சேலத்தில் ஏற்காடு செல்லும் சாலையில் சுந்தரம் சொந்தமாக ஒரு படப்பிடிப்புக் கலையகத்தை அமைத்தார். மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படமான சதி அகல்யா 1937 இல் வெளிவந்தது.

கலையகத்தின் இயக்கம்

படத்தளங்கள், ஒலிப்பதிவு, படச்சுருள் கழுவுதல், படத்தொகுப்பு ஆகிய பணிகள் ஒரே வளாகத்தில் நடைபெற்றன. நடிகர்கள், எழுத்தாளர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் ஆகியோர் மாதச் சம்பளத்தில் பணிபுரிந்தனர். ஊழியர்கள் இவரை முதலாளி என்றே அழைத்தனர். நேரந்தவறாமையிலும் செலவுக் கணக்கிலும் இவர் மிகவும் கண்டிப்பானவர். புகழ்பெற்ற நடிகருக்கும் கலையகத்தின் விதிகள் பொதுவாகவே இருந்தன.

இந்த ஒழுங்கே புதிய முயற்சிகளுக்கு இடமளித்தது. ஒரு படம் தோற்றாலும் அடுத்த படத்தின் வேலை தடைபடவில்லை. முதல் மலையாளப் பேசும் படமான பாலன் (1938) இந்நிறுவனத்தின் தயாரிப்பாகும். இதன் படச்சுருள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. சுந்தரம் இயக்கிய உத்தம புத்திரன் (1940) திரைப்படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். உலகப்போரைப் பின்னணியாகக் கொண்ட பர்மா ராணி (1945) திரைப்படத்தை இயக்கியதுடன், அதில் சப்பானிய அதிகாரியாகவும் சுந்தரம் நடித்தார்.

மு. கருணாநிதி வசனம் எழுதிய மந்திரி குமாரி (1950) திரைப்படத்தை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனுடன் இணைந்து இயக்கினார். கவிஞர் கண்ணதாசனும் இந்நிறுவனத்தில் பணியாற்றியவர். அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ஆகும். மலையாளத்தின் முதல் வண்ணப்படமான கண்டம் பெச்ச கோட்டு (1961) படத்தையும் இவரே இயக்கினார்.

துப்பறியும் படங்கள்

சுந்தரம் இயக்கிய திகம்பர சாமியார் (1950), தமிழ்த் துப்பறியும் படங்களுள் குறிப்பிடத்தக்கது. வடுவூர் துரைசாமி ஐயங்கார் (1880 - 1942) தம் புதினங்கள் சிலவற்றில் தொடர்ந்து பயன்படுத்திய துப்பறிவாளர் பாத்திரமே திகம்பர சாமியார். கும்பகோணம் வக்கீல் என்னும் புதினத்தைத் தழுவி இப்படம் எடுக்கப்பட்டது. குற்றத்தைக் கண்டறிவதற்காகப் பத்துக்கும் மேற்பட்ட மாறுவேடங்களைப் பூணும் சாமியாராக எம். என். நம்பியார் நடித்தார். பின்னாளில் வில்லன் நடிகராகவே அறியப்பட்ட நம்பியாரின் நடிப்புத் திறனை முழுமையாக வெளிப்படுத்திய படம் இது.

மலிவான தொடர் வாசிப்பாகக் கருதப்பட்ட கதைகளிலிருந்து திரைப்படம் எடுப்பது பிற நாடுகளிலும் காணப்பட்ட வழக்கமாகும். இத்தாலியில் ஆஞ்செலா, லூசியானா ஜுசானி சகோதரிகள் 1962 இல் தொடங்கிய டயபாலிக் என்னும் படக்கதைத் தொடரை, இயக்குனர் மாரியோ பாவா 1968 இல் திரைப்படமாக்கினார். அதன் நாயகன் முகமூடி அணிந்த திருடன். திகம்பர சாமியாரோ திருடரைப் பிடிப்பவர். எனினும் மாறுவேடமும் தந்திரமும் இரண்டுக்கும் பொதுவானவை. வாசகர்கள் ஏற்கனவே அறிந்த பாத்திரத்தைத் திரையில் காட்டியதில் சுந்தரம், பாவாவுக்குப் பதினெட்டு ஆண்டுகள் முற்பட்டவர்.

மறைவும் பின்னரும்

சுந்தரம் 1963 இல் தமது 56 ஆம் வயதில் காலமானார். அவருக்குப் பின் அவரது மகன் இராமசுந்தரம் நிறுவனத்தை நடத்தினார். ஜெய்சங்கர் நடித்த வல்லவன் ஒருவன் (1966), சி.ஐ.டி. சங்கர் (1970) முதலிய துப்பறியும் படங்கள் இக்காலத்தவை. ஆனால் மாதச் சம்பள முறை மறைந்து, திரைத்தொழில் முன்னணி நடிகர்களின் கால்ஷீட்டைச் சார்ந்ததாக மாறியது. தொழிலும் பெரும்பாலும் சென்னையிலேயே மையங்கொண்டது. சேலத்தில் ஒரு பெரிய கலையகத்தை நிலையாக நடத்துவது கடினமாயிற்று. காலப்போக்கில் கலையகம் மூடப்பட்டு, அதன் நிலம் குடியிருப்புப் பகுதியானது. நிறுவனத்தின் பெயர் தாங்கிய நுழைவு வளைவு மட்டும் ஏற்காடு சாலையோரம் எஞ்சியுள்ளது.