அரங்கில் நிலைக்காத அமெரிக்கன்

இயலில் வல்லார் நாடகத்திலும் வல்லாராய் விளங்குவர் என்று கொள்வதற்கில்லை. ஆங்கிலப் புதின உலகில் தனியிடம் பெற்ற ஹென்றி ஜேம்ஸின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

1843ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்த ஜேம்ஸ், உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸின் தம்பியாவார். இளமை முதலே நாடகத்தில் வேட்கை மிக்கவர். 1875ஆம் ஆண்டின் இறுதியில் பாரிசில் குடியேறி, அந்நகரின் அரங்குகளை நெருங்கி அறிந்தார். அங்கிருந்தபோது எழுதத் தொடங்கிய ‘தி அமெரிக்கன்’ 1877இல் நூலாயிற்று.

கிறிஸ்டபர் நியூமன் என்னும் அமெரிக்கச் செல்வன், பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்துக் கைம்பெண்ணான கிளேரை மணக்க விழைகிறான். முதலில் இசைந்த குடும்பத்தார் பின்னர் வாக்குத் தவறுகின்றனர். கிளேர் துறவு மடம் புகுகிறாள். அக்குடும்பத்தின் கொடுங்குற்றத்தை மெய்ப்பிக்கும் சீட்டொன்று நியூமனுக்குக் கிடைக்கிறது. பழிதீர்க்க உதவும் அச்சீட்டை அவன் தீயிலிடுகிறான். இழப்பிலும் தாழாத அவ்வுள்ளமே புதினத்தின் உயிர்நிலை.

1886இல் வெளிவந்த ஜேம்ஸின் பெரும் புதினங்கள் இரண்டும் போதிய வரவேற்பைப் பெறவில்லை. வருவாய் குன்றியிருந்த அக்காலத்தில், ஊர்தோறும் சென்று நாடகம் நடத்திவந்த எட்வர்ட் காம்ப்டன் ‘தி அமெரிக்கன்’ புதினத்தை நாடகமாக்கித் தருமாறு வேண்டினார். பொருளும் புகழும் ஒருங்கே கிட்டும் என நம்பி ஜேம்ஸ் இசைந்தார். ஆனால் அவையோர் இன்ப முடிவையே விரும்புவர் எனக் கருதி, நியூமனையும் கிளேரையும் இறுதியில் ஒன்றுசேர்த்தார். புதினத்தின் உயிர்நிலையே அரங்கிற்கு விலையாகத் தரப்பட்டது.

1891 ஜனவரி 3ஆம் நாள் சவுத்போர்ட் நகரில் நாடகம் அரங்கேறியது. காம்ப்டனே நியூமனாக நடித்தார். மக்கள் மகிழ்ந்து ஆரவாரித்தனர். நோயுற்றிருந்த தங்கை ஆலிஸ், தமையனின் வெற்றியைத் தன் வெற்றியாகவே போற்றினார். அதே ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இலண்டன் ஆபெரா காமிக் அரங்கில் நாடகம் மேடையேறியது. இப்சனின் நாடகங்களால் பெயர் பெற்ற எலிசபெத் ராபின்ஸ் கிளேராக நடித்தார். வேல்ஸ் இளவரசரும் வந்து கண்டார். எனினும் திறனாய்வாளர் பலர் குறை கூறினர். நியூமன் அணிந்த மேலங்கியின் பெரிய பொத்தான்கள் கூட நகைப்புக்கு இடமாயின. 70 காட்சிகளோடு நாடகம் நின்றது.

ஜேம்ஸ் தளரவில்லை. 1892இல் நான்காம் அங்கத்தைத் திருத்தி, புதினத்தில் மாண்டுபோகும் வாலன்டினையும் பிழைக்கவைத்தார். வெளியூர்களில் சிலகாலம் நடந்ததன்றி இத்திருத்தத்தால் பெரும்பயன் விளையவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதம் ஆலிஸும் மறைந்தார்.

பின்னர் எழுதிய ‘கை டாம்வில்’ நாடகத்தில் ஜேம்ஸ் முடிவை வளைக்கவில்லை. தலைவன் காதலைத் துறந்து சமயப்பணி மேற்கொள்கிறான். 1895 ஜனவரி 5ஆம் நாள், முதற்காட்சியின் முடிவில் மேடைக்கு வந்த ஆசிரியரை அவையின் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு இழிவுபடுத்தினர். ஏறத்தாழ ஒரு திங்களில் அந்நாடகமும் முடிந்தது. பிப்ரவரி 14ஆம் நாள் அதே அரங்கில் ஆஸ்கார் வைல்டின் புகழ்பெற்ற இன்பியல் நாடகம் அரங்கேறியது. அவையோர்க்கு வளைந்து கொடுத்தும் நிலைபேறில்லை, வளையாமல் நின்றும் நிலைபேறில்லை என்னும் கசப்பான உண்மையை ஜேம்ஸ் இவ்வாறு கண்டார்.

ஆயினும் அவ்வாண்டுகள் வீணாகவில்லை. கதையைக் காட்சி காட்சியாகப் பகுத்தமைக்கும் திறத்தை அரங்கு அவருக்குக் கற்பித்தது. 1899இல் வந்த ‘தி ஆக்வர்ட் ஏஜ்’ ஏறத்தாழ முழுமையும் உரையாடலால் அமைந்தது. 1903இல் வந்த ‘தி அம்பாசடர்ஸ்’ புதினத்தின் கட்டுக்கோப்பிலும் நாடகப் பயிற்சியின் பயனைக் காணலாம்.

1907இல் தொடங்கிய தொகுப்புப் பதிப்பிற்காக ஜேம்ஸ் ‘தி அமெரிக்கன்’ புதினத்தை மீண்டும் கையிலெடுத்தார். வரிக்கு வரி திருத்தினார். ஆனால் மேடையில் மணமுடித்துவைத்த காதலரைப் புதினத்தில் அவர் சேர்க்கவில்லை. கிளேர் மடத்திலேயே இருக்கிறாள். சீட்டு எரிந்து சாம்பலாகிறது.

1916 பிப்ரவரி 28ஆம் நாள் ஜேம்ஸ் இலண்டனில் மறைந்தார். கைதட்டலுக்காக மாற்றிய முடிவு மேடையோடு மறைந்தது. உள்ளம் ஒப்பி எழுதிய முடிவே நூலில் நிற்கிறது. படைப்பாளர் எண்ணிப் பார்க்கத்தக்க வாழ்வு இது.