ஃபுல் ஃப்ரேம் கேமரா: 24×36 என்ற அளவு எப்படி வந்தது? ஆஸ்துமாவோடு மலையேறிய ஆஸ்கர் பர்னாக்கின் கதை

கேமரா வாங்கப் போனால் கடையில் கேட்பாங்க: ஃபுல் ஃப்ரேமா, க்ராப் சென்சாரா? ஃபுல் ஃப்ரேம் என்றால் சென்சாரின் அளவு 24×36 மி.மீ. அதென்ன கணக்கு? டிஜிட்டலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 100 வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில் ஒரு மெக்கானிக் எடுத்த முடிவு இது.

யார் இந்த பர்னாக்?

1879-ல் பிராண்டன்பர்க் பகுதியின் லினோ கிராமத்தில் பிறந்தவர். யேனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனத்தில் வேலை. லீவு கிடைத்தால் துரிங்கியா மலைக்காடுகளுக்குப் படமெடுக்கக் கிளம்பிவிடுவார். ஆனால் ஆஸ்துமா. 13×18 செ.மீ. கண்ணாடித் தகடுகள், அதற்கேற்ற பெரிய கேமரா, ஸ்டாண்ட் எல்லாம் தூக்கிக்கிட்டு ஏறணும்.

1905 வாக்கில், ஒரே தகட்டில் பல குட்டிப் படங்கள் எடுத்துப் பார்த்தார். பெரிதாக்கினால் எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. இருட்டில் செல்போனில் எடுத்த படத்தை ஜூம் பண்ணிப் பாருங்க, கிட்டத்தட்ட அதே தொல்லைதான்.

சினிமா ஃபிலிம் காட்டிய வழி

1911-ல் வெட்ஸ்லார் நகரின் லைட்ஸ் மைக்ரோஸ்கோப் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே கையில் கிடைத்தது 35 மி.மீ. சினிமா ஃபிலிம். சினிமாவில் ஒரு பிரேம் 18×24 மி.மீ. ஃபிலிமைப் படுக்கையாக ஓடவிட்டு, இரண்டு பிரேம் இடத்தை ஒரே படத்துக்குக் கொடுத்தார். வந்தது 24×36. 1914-க்குள் கைக்கு அடக்கமான மாதிரி கேமரா தயார்.

உடனே உலகப் போர். வேலை அப்படியே நின்றது. 1920-ல் வெட்ஸ்லாரில் வெள்ளம் வந்தபோது பர்னாக் அதை வைத்துத்தான் படம் எடுத்தார். 1924-ல், ஆலோசகர்கள் பலர் தயங்கியும், முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸ் துணிந்து சரி சொன்னார். 1925 லைப்சிக் கண்காட்சியில் 'லைக்கா' அறிமுகமானது. 1936-ல், 56 வயதில் பர்னாக் காலமானார். அவர் பயன்படுத்திய, பெயர் பொறித்த லைக்கா ஒன்று 2022-ல் வெட்ஸ்லாரில் 1.44 கோடி யூரோவுக்கு ஏலம் போனது!

சென்சார் காலத்தில் என்ன ஆச்சு?

ஃபிலிம் போயும் அளவு போகலை. காரணம் லென்ஸ்தான். ஏற்கெனவே இருந்த லென்ஸ்கள் 24×36-க்காகச் செய்தவை. அவ்வளவு பெரிய சென்சார் செய்ய செலவு எகிறியதால், 1999-ல் வந்த நிக்கான் டி1-ல் சின்ன சென்சார். அதே லென்ஸ் மாட்டினாலும் படத்தின் ஓரம் வெட்டுப்படும், 50 மி.மீ. லென்ஸ் 75 போலக் காட்டும். 2002-ல் கேனான் 1டிஎஸ் முழு அளவுக்குத் திரும்பியது.

இப்போ இந்தப் போட்டி செல்போனில். 'ஒரு இன்ச்' எனப்படும் பெரிய போன் சென்சாரே உண்மையில் 13.2×8.8 மி.மீ.தான், பரப்பளவில் ஃபுல் ஃப்ரேமில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கே போன் முதுகில் இத்தனை பெரிய புடைப்பு. சென்சார் வளர்ந்தால் லென்ஸும் தடிக்கும், பாக்கெட்டில் நுழையாது. அதனால்தான் போன் நிறுவனங்கள் ஒரே நொடிக்குள் பல படங்களை எடுத்து, சாஃப்ட்வேரில் ஒன்றாகச் சேர்த்துப் புள்ளிகளைக் குறைக்கின்றன.